தோட்டக் குழு: ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி தொட்டியைச் சரி பண்ணணும்

கவிதா: உரத்தொட்டி பக்கம் நிக்க முடியல. ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க இயற்கை நடைக்கு வராங்க. என்ன பண்றது?

மணி அண்ணன்: வாடை எப்படின்னு சொல்லும்மா. அழுகின முட்டை மாதிரியா, மூத்திர நெடி மாதிரியா?

கவிதா: முட்டைதான் அண்ணா.

மணி அண்ணன்: அப்போ உள்ள காத்து இல்ல, தண்ணி கூடிப்போச்சு. மூத்திர நெடின்னா பச்சைக் கழிவு கூடிப்போய் அம்மோனியா கிளம்புதுன்னு அர்த்தம். அதுக்கு சருகு கலந்து கிளறினா போதும். முட்டை வாடைக்கு மேலாக சருகு தூவி மூடினா ரெண்டு நாள்ல திரும்ப வந்துடும்.

செல்வி அக்கா: நடுவுல இருந்து ஒரு பிடி எடுத்து நல்லா பிழிஞ்சு பாரு கவி. விரலிடுக்குல ஒண்ணு ரெண்டு சொட்டு வந்தா பதம் சரி.

கவிதா: சொட்டா? ஒழுகுதுக்கா. கறுப்பா.
[படம்]

மணி அண்ணன்: படத்துல ஒரு சருகு கூட காணோமே! வெறும் காய்கறித் தோலும் பழமும்தான் இருக்கு. முழுசா வெளிய எடுத்து சாக்கு மேல ஒரு ஜாண் கனத்துக்குப் பரப்புங்க, அரை நாள் காத்தாடட்டும். தொட்டி அடியில ஓட்டையெல்லாம் திறந்திருக்கான்னு ஒரு குச்சி விட்டுக் குத்திப் பாருங்க. அப்புறம் அடியில விரல் தடிமன் குச்சிகளை அரை அடிக்கு அடுக்கணும். காத்து கீழே இருந்துதான் ஏறும்.

பாபு: திரும்பப் போடறப்போ அளவு?

மணி அண்ணன்: ஒரு வாளி ஈரக் கழிவுக்கு மூணு வாளி சருகு. கையால நொறுக்கிப் போடுங்க. முழு இலை ஒண்ணோட ஒண்ணு தகடு மாதிரி ஒட்டிக்கிட்டா அதுவே காத்தை அடைச்சுடும். கடைசியா மேலே 3 அங்குலத்துக்கு வெறும் சருகு, மூடி போட்ட மாதிரி.

பாபு: தட்டையா பழுப்பா புழு நிறைய நெளியுது. மருந்து அடிச்சுடவா?

செல்வி அக்கா: வேண்டாம் தம்பி! அது பிளாக் சோல்ஜர் ஈயோட புழு. கடிக்காது. உங்களை விட வேகமா கழிவைத் தின்னு தீர்க்கும் 😄 ஈரம் குறைஞ்சா அதுவும் தானா குறையும்.

கவிதா: சருகுக்கு எங்க போறது? பெருக்கினதை எல்லாம் மூட்டை கட்டி வெளிய வச்சுடறாங்க.

மணி அண்ணன்: அதை முதல்ல நிறுத்தணும். தோட்டத்துல கிடைக்கிற சருகெல்லாம் தோட்டத்துக்கே வேணும். தொட்டி பக்கத்துல ஓட்டை போட்ட சாக்குல கட்டி வைங்க. கழிவு கொட்டறவங்க கைக்கு எட்டற தூரத்துல சருகு இல்லேன்னா யாரும் போட மாட்டாங்க. இந்த நாத்தத்துக்குப் பாதிக் காரணம் அதுதான்.

பாபு: சூடு ஏறுதான்னு எப்படிப் பார்க்கறது? தெர்மாமீட்டர் இல்ல.

மணி அண்ணன்: இரும்புக் கம்பி ஒண்ணை நடுவுல சொருகி பத்து நிமிஷம் விடுங்க. உருவினதும் தொட்டா கையில பிடிக்க முடியாத அளவுக்குச் சுடணும். உள்ள 55 டிகிரிக்கு மேல சில நாள் இருந்தாதான் களை விதை சாகும். குவியல் மூணடிக்கு மூணடி இல்லேன்னா சூடு நிக்காது, உரம் ஆகறதுக்கும் நாள் கூடப் பிடிக்கும்.

செல்வி அக்கா: பழைய தொட்டியில இருக்கறதை அவசரப்பட்டு பாத்தியில போட்டுடாதீங்க. ஒரு கைப்பிடி ஈர உரத்தை பிளாஸ்டிக் பையில இறுக்கிக் கட்டி மூணு நாள் வைங்க. பிரிச்சா மழை பெஞ்ச மண் வாசனை வரணும். புளிச்ச வாடை வந்தா இன்னும் வேகல. வேகாததைப் போட்டா நுண்ணுயிரே மண்ணுல இருக்கற நைட்ரஜனை இழுத்துக்கும், நாத்து மஞ்சளாயிடும்.

பாபு: சரிக்கா. இன்னொண்ணு, எலுமிச்சைச் செடி இலையெல்லாம் ஓட்டை. அசிங்கமா இருக்கு. பிள்ளைங்க வர்றதுக்குள்ள வேப்பெண்ணெய் அடிச்சுடறேன்.

செல்வி அக்கா: ஐயோ அடிக்காதீங்க!! பிள்ளைங்க பார்க்க வர்றதே அதைத்தான். இலை மேல பறவை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமா ஏதாவது ஒட்டியிருக்கா?

பாபு: ஆமா, நாலஞ்சு இருக்கு. எச்சம்னுதான் நினைச்சேன்.

செல்வி அக்கா: பறவையும் அப்படி நினைச்சுதான் விட்டுடும். அது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியோட இளம் புழு. கடைசித் தோல் உரிச்சதும் பச்சையாயிடும். மெல்லிய புல்லால தலைப் பக்கம் தொட்டா, ஆரஞ்சு நிறத்துல கொம்பு மாதிரி ரெண்டு வெளிய வரும், ஒரு நெடியும் அடிக்கும். பிள்ளைங்க ஒரு தடவை பார்த்தா போதும், திரும்பத் திரும்பச் சீண்ட விடக்கூடாது. தளிர் இலையில கடுகை விடச் சின்னதா வெளிர் மஞ்சள் முட்டையும் இருக்கும், தனித்தனியா. லென்ஸ் இருந்தா எடுத்துட்டு வாங்க.

கவிதா: செடி தாங்குமாக்கா?

செல்வி அக்கா: வளர்ந்த செடி தாங்கும். சின்னக் கன்னா இருந்தா ரெண்டு புழுவை மட்டும் விட்டுட்டு மீதியை இலையோட பெரிய செடிக்கு மாத்துங்க.

பாபு: அவரைக் கொடியில அசுவினி, அதான் சாறு உறிஞ்சற குட்டிப் பூச்சி, அப்பியிருக்கு. அதுக்காவது அடிக்கலாமா?

மணி அண்ணன்: முதல்ல காலையில தண்ணியை வேகமா, இலைக்கு அடிப்பக்கமா பீச்சுங்க. பாதி உதிர்ந்துடும். அதுக்கு மேலயும் இருந்தா லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 1 மில்லி சோப்புக் கரைசல். எண்ணெயையும் சோப்பையும் முதல்ல குழைச்சுட்டு அப்புறம் தண்ணி. சாயங்காலம்தான், வெயில்ல அடிச்சா இலை கருகும்.

செல்வி அக்கா: அதுக்கு முன்னாடி நல்லா உத்துப் பாருங்க. குட்டி முதலை மாதிரி, கறுப்பு உடம்புல ஆரஞ்சுப் புள்ளியோட ஏதாவது ஊர்ந்தா அது பொறிவண்டோட குஞ்சு. அசுவினியைத் தின்ன வந்திருக்கு. நிறைய பேர் அதையே நசுக்கிடறாங்க.

பாபு: 🙈 காலையில ரெண்டு நசுக்கிட்டேன்.

மணி அண்ணன்: பிள்ளைங்க பாத்தி அகலம் எவ்வளவு வெட்டப் போறீங்க?

கவிதா: மத்தது மாதிரியே நாலடி.

மணி அண்ணன்: நாலடி நமக்கு. பிள்ளைங்க கை ஒண்ணரை அடிக்கு மேல எட்டாது, பாத்தி மேல ஏறி மிதிச்சு மண்ணை இறுக்கிடுவாங்க. மூணடி வைங்க, ரெண்டு பக்கமும் நடக்க ரெண்டடி வழி.

செல்வி அக்கா: பறவைக்கு வைக்கிற தண்ணித் தட்டை ரெண்டு நாளைக்கு ஒருக்கா தேய்ச்சுக் கழுவி மாத்துங்க. ஒரு வாரம் விட்டா கொசுப் பண்ணை ஆயிடும்.

கவிதா: சரி. நாளைக்கு காலையில ஆறரைக்கு தொட்டியைக் காலி பண்றோம். மண்வெட்டி, பழைய சாக்கு நாலு, கையுறை இருக்கறவங்க சொல்லுங்க.

பாபு: சாக்கு நான் கொண்டு வரேன். ஸ்பிரேயர் கொண்டு வரல 🙏