புதுப்பிப்பு: பெரிய குதிரைகளுக்கான டிரெய்லர் முடிவாகிவிட்டது

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் நான் வளர்க்கும் இரண்டு ஷையர் குதிரைகளுக்கு (பாரம் இழுக்கும் மிகப் பெரிய இனம்) எந்த டிரெய்லர் பொருந்தும் என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். இரண்டும் தோள் வரை 17.2 ஹேண்ட்ஸ் (குதிரை உயரத்துக்கான அளவு; 17 ஹேண்ட்ஸும் 2 அங்குலமும்), அதாவது ஏறத்தாழ 178 செ.மீ. உயரம் உள்ளவை. குதிரைகள் முன்னோக்கி நேராக நிற்கும் நேர்வரிசையா, குறுக்கே சாய்வாக நிற்கும் சாய்வரிசையா என்பதே அப்போது என் குழப்பமாக இருந்தது.

உயரத்தை மட்டும் பார்க்காமல் எடையையும் பாருங்கள் என்று ஒரு நண்பர் எழுதியதுதான் என்னைக் காப்பாற்றியது. எடைமேடையில் நிறுத்தியபோது இரண்டும் சேர்ந்து 1,800 கிலோ இருந்தன. நான் வாங்கவிருந்த டிரெய்லரின் மொத்த எடை வரம்பு 2,700 கிலோ, வெறும் வண்டியே 950 கிலோ என்பதால், குதிரைகளுக்கு எஞ்சியது 1,750 கிலோ மட்டுமே. அதைக் கைவிட்டேன்.

சாய்வரிசை வண்டியில் பெரியவனை ஏற்றிப் பார்த்தேன். மூக்கு ஒரு சுவரிலும் பின்தொடை மறு சுவரிலும் உரச, கால்களை அகட்டி ஊன்ற இடமின்றி அவன் நடுங்கியபடி நின்றது இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. ஓடும் வண்டியில் குதிரை கால்களை விரித்தும் கழுத்தை அசைத்தும்தான் சமநிலை காக்கிறது. தலையைத் தாழ்த்த முடியாவிட்டால் மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் சளியும் வெளியேறாமல் நுரையீரல் நோய்க்கு வழிவகுக்கும்.

ஆகவே 3,500 கிலோ வரம்பும் 229 செ.மீ. உள்ளுயரமும் கொண்ட நேர்வரிசை டிரெய்லரையே வாங்கியிருக்கிறேன். நேற்று இருவரும் தயங்காமல் ஏறி, தலையைத் தாழ்த்தி வைக்கோல் தின்றார்கள்.