மேடிசன் சதுக்கப் பூங்கா ஷேக் ஷாக்கிற்குச் சைவம் உண்பவரையும் அழைத்துச் செல்லலாமா?

கேள்வி

வணக்கம். வரும் அக்டோபரில் ஐந்து நாள்கள் நியூயார்க்கில் தங்கவிருக்கிறோம். ஷேக் ஷாக் பர்கரை, அதுவும் அந்தக் கடை தொடங்கிய மேடிசன் சதுக்கப் பூங்காவிலேயே சாப்பிட வேண்டும் என்று என் மகன் ஓராண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். உடன் வரும் என் மாமியார் முட்டையும் தொடாத சைவர்; நானும் கணவரும் கோழி சாப்பிடுவோம், மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. மகனுக்கு அந்தத் தடை இல்லை. வரிசை நீளமாக இருக்கும் என்கிறார்கள். முழங்கால் வலியுள்ள மாமியாரை நிற்க வைக்காமலும் பட்டினி போடாமலும் சென்றுவர வழி உண்டா?

மறுமொழி 1

அவசியம் செல்லுங்கள், சகோதரி. அந்தப் பூங்காவுக்கு அருகில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நகரில் இப்போது பல கிளைகள் இருந்தாலும், மர நிழலில், ஃபிளாட்அயர்ன் கட்டடத்தைப் பார்த்தபடி உண்பது இங்கு மட்டுமே கிடைக்கும். டேனி மேயரின் உணவகக் குழு 2001-இல் இங்கே நடந்த ஒரு கலை முயற்சிக்காக ஹாட் டாக் தள்ளுவண்டி ஒன்றை நடத்தியது. அதுவே 2004-இல் நிலையான கடையாயிற்று.

இருக்கைகள் திறந்தவெளியில் இருப்பதால் மழை இல்லாத நாளைத் தேர்ந்தெடுங்கள். மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு மணி வரை அலுவலகக் கூட்டம் இருக்கும். மூன்று மணியளவில் சென்றால் மாமியாரை முதலிலேயே நிழலில் அமர வைத்துவிட்டு ஒருவர் மட்டும் வரிசையில் நிற்கலாம். கைபேசிச் செயலியில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அதுவும் குறையும். ஆர், டபிள்யூ சுரங்க ரயில்களில் 23ஆம் தெரு நிலையத்தில் இறங்கினால் பூங்கா எதிரிலேயே இருக்கிறது.

மறுமொழி 2

உணவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இங்கே சைவம் என்று நம்பி வாங்குபவர்கள் முட்டையில்தான் தவறிவிடுகிறார்கள். பாலாடைக்கட்டி நிரப்பிப் பொரித்த போர்டபெல்லோ காளான் பர்கரில் இறைச்சி இல்லை. ஆனால் அதில் தடவும் சாஸ் மயோனைஸ் கலந்தது. மயோனைஸ் முட்டையில் செய்வது. சாஸ் வேண்டாம் என்றாலும், மேல்மாவில் முட்டை உண்டா என்று கடையின் ஒவ்வாமைப் பட்டியலில் பார்க்காமல் வாங்க வேண்டாம். எந்தெந்தப் பண்டங்களை ஒரே எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலரும் கவனிக்காதது இனிப்பு. அங்கே தருவது சாதாரண ஐஸ்கிரீம் அன்று, கஸ்டர்ட். அமெரிக்க விதிப்படி உறைந்த கஸ்டர்டில் முட்டை மஞ்சள் கருவின் திடப்பொருள் குறைந்தது 1.4 சதவீதம் இருந்தாக வேண்டும். மில்க் ஷேக்கும் அதே கஸ்டர்டில்தான் செய்யப்படுகிறது. ஆகவே அம்மாவுக்கு லெமனேட் வாங்குங்கள். மகன் இரும்புக் கல்லில் அழுத்தி ஓரம் முறுகச் சுட்ட மாட்டிறைச்சி பர்கரைச் சாப்பிடட்டும். உங்கள் இருவருக்கும் மோரில் ஊறவைத்துப் பொரித்த கோழி பர்கர் இருக்கிறது.

மறுமொழி 3

முந்தைய மறுமொழியை ஏற்கிறேன். ஆனால் பெரியவருக்கு லெமனேட் மட்டும் போதாது. அங்கிருந்து பத்து நிமிட நடையில், லெக்சிங்டன் அவென்யூவின் 28ஆம் தெருப் பகுதியில் இந்திய உணவகங்கள் வரிசையாக உள்ளன, தோசையும் கிடைக்கும். கணவர் அதைக் கட்டி வாங்கி வரட்டும். பூங்காவின் பொது இருக்கைகளில் நால்வரும் சேர்ந்தே உண்ணலாம். விலைப்பட்டியலில் உள்ள தொகையோடு 8.875 சதவீத விற்பனை வரி சேரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. கஸ்டர்டைப் பற்றிச் சொல்லாமல் இருந்திருந்தால், மாமியாருக்கு நானே மில்க் ஷேக் வாங்கிக் கொடுத்திருப்பேன். தோசை யோசனையை அவரிடம் சொன்னேன். பேரனோடு பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடச் சம்மதித்துவிட்டார். மூன்று மணிக்கே செல்கிறோம்.