தொடுதிரை அதிர்ந்தால் பட்டன் ஆகிவிடுமா?

கடல்காகம் (கடலூர் முதுநகர்):
எங்கள் விசைப்படகில் பழைய ஜிபிஎஸ் படுத்துவிட்டது. இனிமேல் தொடுதிரைதான் என்கிறார் கடைக்காரர். வலை இழுத்த கையில் உப்புத்தண்ணீர் சொட்டச் சொட்டத் தொட்டால் திரை எங்கெங்கோ தாவுகிறது. பட்டன் வைத்ததே போதும் என்கிறேன் நான்.

ஸ்க்ரூடிரைவர் (புதுச்சேரி, மொபைல் சர்வீஸ்):
அண்ணே, எல்லாம் பழக்கம்தான். 2016-இல் வந்த ஐபோன் 7-இல் ஹோம் பட்டன் அசையவே அசையாது. உள்ளே இருக்கும் மோட்டார் சின்னதாக ஓர் உதறல் கொடுக்கும், அழுந்திவிட்டது என்று விரல் நம்பிவிடும். பட்டன் செத்துப்போச்சு என்று கொண்டுவருவார்கள், பார்த்தால் போனில் சார்ஜ் இருக்காது! மலிவு போனில் சுழலும் மோட்டார், கொர்ர்ர் என்று இழுக்கும். நல்ல போனில் நேர்கோட்டில் ஓடிச் சட்டென்று நிற்கும். தோலுக்கடியில் இருக்கும் பாசினியன் உணர்விகளுக்கு நொடிக்கு 200, 300 அதிர்வு என்றால்தான் நன்றாக உறைக்கும், அதையொட்டித்தான் செய்கிறார்கள்.

கடல்காகம்:
உதறல் வருவது தொட்ட பிறகு, தம்பி. எனக்குத் தொடும் முன்பே தெரிய வேண்டும். ராத்திரி அலை தூக்கிப் போடும்போது கண் கடலில் இருக்கும், கைதான் தடவிப் போய் பட்டனைப் பிடிக்கும். 2017-இல் அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெயின் சிங்கப்பூர் பக்கம் எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 பேர் செத்தார்களே, தொடுதிரையில் வந்த குழப்பமும் அதற்கு ஒரு காரணம். பிறகு கைப்பிடிக்கே திரும்புவதாக அந்தக் கடற்படையே சொன்னது.

ஸ்க்ரூடிரைவர்:
பயிற்சி போதாததையும் அந்த விசாரணை அறிக்கை சொன்னது, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? பட்டன் மட்டும் என்ன வாழ்கிறது? உப்பு ஏறினால் ரப்பர் வெடித்து உள்ளே துரு. சுரண்டிச் சுத்தம் செய்பவன் நான்.

முத்தியால்பேட்டை அக்கா:
நீங்கள் கடலில் சண்டை போடுங்கள். என் மாமியாருக்குக் கண் மங்கல். புது வாஷிங் மெஷினில் முகப்பு முழுக்க வழவழ கண்ணாடி. ஸ்டார்ட் எங்கே என்று விரலால் தேடிப் போவதற்குள் வழியில் இருக்கும் நாலையும் மாற்றிவிடுகிறார். பட்டன் என்றால் தடவலாம், அப்புறம் அழுத்தலாம். இதில் தடவினாலே அழுத்தின கணக்கு. இப்போதைக்கு ஸ்டார்ட்டுக்குப் பக்கத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறேன்.

ஸ்க்ரூடிரைவர்:
போனில் டாக்பேக் என்று திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வசதி இருக்கிறது, அதைப் போட்டால் ஒரு தொடலுக்குப் பெயர் சொல்லும், இரண்டு தட்டினால்தான் வேலை செய்யும். மெஷினில் அதை வைக்காதது கம்பெனிக்காரன் கஞ்சத்தனம். தொடுதிரையைத் திட்டாதீர்கள் அக்கா.

முத்தியால்பேட்டை அக்கா:
யார் கஞ்சத்தனமோ, துவைக்க வேண்டியது நான்.

கடல்காகம்:
சரி, பட்டன் வைத்ததே தேடுகிறேன். ரப்பர் வெடித்தால் உன் கடைக்குத்தான் வருவேன் தம்பி, கூலியைப் பார்த்துப் போடு.