குறுக்கு வலியோடு வரும் கூலித் தொழிலாளரிடம் எதை, எப்படிச் சொல்வது?

வீடு தேடிப் போகும் பிசியோதெரபிஸ்ட்:

சித்தாள் வேலை பார்க்கும் பெண்கள் வரும்போது கையில் ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கும். மனசில் "ஜவ்வு விலகிடுச்சு, எலும்பு தேஞ்சுபோச்சு, இனிமே குனியவே கூடாதுன்னுட்டாங்க" என்ற பயம் இருக்கும். முதலில் இறக்க வேண்டிய சுமை அதுதான். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2015-ல் தொகுத்தபோது, 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் 96 சதவீதம். "தலை நரைக்குதில்லையா, அதே மாதிரி உள்ளேயும் வயசு தெரியுதும்மா" என்றால் முகம் தெளிகிறது.

"ரெஸ்ட் எடுங்க" என்று தினக்கூலிக்காரரிடம் சொல்லிப் பயனில்லை. சொல்லவும் கூடாது, ஓரிரு நாளுக்கு மேல் படுத்தே கிடந்தால் உடம்பு இறுகி, வலி நீளத்தான் செய்யும். வேலையை மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் செங்கல் சுமக்காமல் மண் சலிக்கலாம், சுவருக்குத் தண்ணீர் விடலாம். பாண்டில் கலவை பாதிதான், நடை இரண்டாகட்டும். வீட்டில் குடமும் அப்படியே: 15 லிட்டர் குடம் நிறைந்தால் 15 கிலோவுக்கு மேல். வலி உள்ளவரின் சம்மதத்தோடு மேஸ்திரியிடம் நேரில் பேசுவது நல்லது. "கனம் தூக்கக் கூடாது" என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் வேலையே போய்விடும்.

தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தருபவர்:

தரையில் படுத்துச் செய்யும் பயிற்சியை மட்டும் சொல்லிவிட்டு வந்தால் நடக்காது. ஒற்றை அறை வீடு, மாமனார் உட்கார்ந்திருப்பார், கட்டியிருப்பது சேலை. நின்றபடி செய்வதைக் கொடுங்கள். இடுப்பில் இரு கையையும் ஊன்றி மெல்லப் பின்னால் சாய்ந்து நிமிர்வது 10 தடவை. சுவரில் முதுகைச் சாய்த்து, பாதத்தை ஓர் அடி முன்னால் வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி 5 எண்ணி நிமிர்வது 8 தடவை. உலை கொதிக்கும் நேரம் போதும். நடை முதலில் 10 நிமிடம்; வாரம் 2 நிமிடம் கூட்டலாம்.

கெடுவது எங்கே என்றால், ஆர்வத்தில் முதல் நாளே 30 தடவை செய்துவிட்டு மூன்றாம் நாள் நிறுத்திவிடுகிறார்கள். லேசாக வலித்து மறுநாளுக்குள் அடங்கினால் தொடரலாம். வலி பிட்டத்தைத் தாண்டிக் காலுக்கு இறங்கிக்கொண்டே போனால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டுத் திரும்பக் காட்ட வேண்டும்.

"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள். "மருமககிட்ட எப்படிச் சொல்லுவீங்க, செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். எந்த இடத்தில் தவறு என்பது உடனே தெரியும்.

உப்பு ஒத்தடம் 15 நிமிடம் தாராளமாகக் கொடுக்கலாம். சர்க்கரை நோயாளிக்குச் சூடு தெரியாமல் கொப்பளித்துவிடும். வேறொருவர் புறங்கையில் வைத்துப் பார்த்த பிறகே வைக்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்:

மெடிக்கலில் வாங்கும் "செட் மாத்திரை" பற்றிக் கண்டிப்பாகக் கேளுங்கள். வலி மாத்திரையோடு ஸ்டீராய்டும் கலந்திருந்தால் அன்றைக்கு வலி பறந்துவிடும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் சர்க்கரையும் பிரஷரும் ஏறும், வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். மீதி மாத்திரையைக் கொண்டுவரச் சொல்லி அட்டையைப் பாருங்கள். நீண்ட நாள் எடுத்தவரைத் திடீரென நிறுத்தச் சொல்லாதீர்கள், எங்களிடம் அனுப்புங்கள்.

பெல்ட், எடை கட்டி இடுப்பை இழுக்கும் சிகிச்சை (டிராக்‌ஷன்) இரண்டுக்கும் கடன் வாங்கவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நாட்பட்ட குறுக்கு வலி வழிகாட்டுதலும் இவற்றைப் பரிந்துரைக்கவில்லை.

அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியவர்கள்: சிறுநீர் அடைத்தவர், அடக்க முடியாமல் போனவர், பாதம் தூக்க வராதவர், கீழே விழுந்த வயதானவர். சாயங்காலக் காய்ச்சலும் எடை குறைவும் சேர்ந்திருந்தால் முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும். மலம் கழித்துவிட்டுக் கழுவும் இடம் மரத்துப்போயிருந்தாலும் அன்றைக்கே அனுப்ப வேண்டும். அதற்கான கேள்வி, "கால் கழுவும்போது தொட்ட உணர்வு இருக்கா?" ஆண்கள் கேட்டால் பெண்கள் கூச்சத்தில் "இருக்கு" என்றுவிடுவார்கள். நர்ஸம்மாவைத் தனியே கேட்கச் சொல்லுங்கள்.