வெளுத்த வானத்தை ஜேபெக்கிலேயே மீட்கலாமாம்!

குளக்கட்டு: நேற்று மாங்குளத்தான் இங்கே எழுதியது: "ஜேபெக்கே போதும். வெளுத்த வானத்தையும் அதிலேயே மீட்கலாம். றோ எடுப்பது வெறும் பந்தா." வாசித்ததில் இருந்து எரிச்சல் அடங்கவில்லை. றோ என்பது கமராவில் ஒளியைப் பிடிக்கிற சென்சர் பதிந்ததை அப்படியே வைக்கிற கோப்பு; ஜேபெக் என்பது அதைக் கமராவே பதப்படுத்திச் சுருக்கித் தருகிற படம். இரணைமடுக் குளக்கட்டில் பொழுதுபடும் நேரம் ஜேபெக்கில் ஒரு படம் எடுத்து, கணினியில் வானத்தின் வெளிச்சத்தைக் குறைத்து இழுத்துப் பாரும். சூரியனைச் சுற்றி வளையம் வளையமாகப் படி விழும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 வெளிச்சப் படிதான். பிட் கூடக் கூடப் படியும் கூடும்; 14 பிட் றோவில் 16,384. இல்லாததை எங்கிருந்து மீட்பது?

மாங்குளத்தான்: அண்ணை, ஒளியைச் சரியாக அளந்து எடுத்தால் எதை மீட்க வேண்டும்? கலியாண வீட்டுப் படம் முழுவதையும் றோவில் வைத்து உருட்டினால் அல்பம் எப்போது கொடுப்பது?

குளக்கட்டு: கேட்டது வானத்தை. கலியாண வீட்டுக்கு ஏன் ஓடுகிறீர்?

நந்திக்கடல்: சென்சர் ஒளியால் நிரம்பிவிட்டால் றோவிலும் அந்த இடம் வெள்ளைதான். பிறகு 14 பிட் என்ன, 12 பிட் என்ன?

குளக்கட்டு: நிரம்பியதை மீட்கலாம் என்று நான் சொன்னேனா? ஜேபெக்கில் வெளுத்ததாகத் தெரிகிற இடத்தில் கொஞ்சமாவது றோவில் உயிரோடு இருக்கும். கமரா தன் பாட்டில் கொன்ட்ராஸ்டைக் கூட்டி, வெள்ளைச் சமநிலையையும் (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்ப படத்தின் நிறத்தைச் சரிசெய்வது) ஏற்றி, மிச்சத்தை எறிந்துவிட்டுத்தான் ஜேபெக்கைத் தருகிறது. வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலில் இரவு விளக்கு வெளிச்சத்தில் எடுத்த முகங்கள் காமாலை பிடித்ததுபோல வந்தால், றோவில் வெள்ளைச் சமநிலையை மாற்றினால் சரி. ஜேபெக்கில் நீலத்தைத் தூக்கத் தூக்க நிழலெல்லாம் புள்ளி கிளம்பும்.

மாங்குளத்தான்: வற்றாப்பளை என்றதும்தான் ஞாபகம் வருகிறது. போன வருசம் என் படத்தின் மூலையை வெட்டி உங்கள் பெயரைப் போட்டீர்களே, அதுவும் றோவோ?

குளக்கட்டு: அது என் படம். றோ என்னிடம் இருக்கிறது. உம்மிடம் இருக்கிறதா?

மாங்குளத்தான்: நான் ஜேபெக் எடுக்கிறவன் என்று தெரிந்துதானே கேட்கிறீர்கள்!

செட்டிகுளம்: 24 மெகாபிக்சல் கமராவில் ஒரு றோவே 25 எம்பி வரும். ஹார்ட் டிஸ்க் யார் வாங்கித் தருவது? இரண்டையும் சேர்த்து எடுக்கிற வசதி கமராவில் இருக்கிறதே, அப்புறம் ஏன் இந்தச் சண்டை?

குளக்கட்டு: தம்பி, நீர் நடுவில் வராதேயும். போன மாதம் பற்றரி சார்ஜரை இரவல் வாங்கியது நீர்தானே, அது இன்னும் வரவில்லை. வானத்துக்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. இரணைமடுப் படத்தின் ஜேபெக்கை நாளைக்கு இங்கே போடுகிறேன். வளையம் விழாமல் இழுத்துக் காட்டும், மாங்குளத்தான்.

மாங்குளத்தான்: முதலில் என் படத்தில் இருந்து உங்கள் பெயரை எடுங்கள்.