எம்.ஏ. பொது நிர்வாகம்: ஆசிரியர்களின் பின்னணியை எப்படி அறிவது?

கோத்தகிரி பக்கம் ஊராட்சி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எம்.ஏ. பொது நிர்வாகம் படிக்க மலைக்குக் கீழே ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் கட்டணம் கட்ட வேண்டும். ஆனால் பாடம் எடுப்பவர்களின் பின்னணி தெரியவில்லை.

இணையதளத்தில் பெயருக்குப் பக்கத்தில் ‘எம்.ஏ., பிஎச்.டி.’ என்று மட்டும் இருக்கிறது. எந்தத் துறை என்று இல்லை. போன் செய்தால் “நேரில் வாங்க” என்கிறார்கள், மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. சரி என்று, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் தேடினேன். ஒரே ஒருவரின் ஆய்வேடு கிடைத்தது, அதுவும் அரசியல் அறிவியலில் வரும் சர்வதேச உறவுகள் பற்றியது. கல்லூரி ஆசிரியர் பணிக்கான யூஜிசி நெட் தகுதித் தேர்விலேயே பொது நிர்வாகமும் அரசியல் அறிவியலும் தனித்தனிப் பாடங்கள். 1994 ஊராட்சிகள் சட்டத்தையும் கணக்குத் தணிக்கையையும் கரைத்துக் குடித்தவரிடம் படிக்கத்தான் ஆசை.

ஆசிரியர்கள் எந்தத் துறையில் முனைவர் பட்டம் பெற்றார்கள், நிர்வாக அனுபவம் உண்டா என்று கட்டணம் கட்டும் முன் உறுதிசெய்ய வேறு என்ன வழி?