கேபிள் டன்னல்ல வைஃபை பாதியில கட் ஆகுது, மலிவா வழி இருக்கா?

ஷிப்ட்_பி: ஆலைக்குக் கீழ கேபிள் டன்னல். 3 ஏபி (வைஃபை சிக்னல் விடுற பெட்டி) மெஷ்ல, அதாவது வயர் இல்லாம ஒண்ணுக்கொண்ணு பேசற மாதிரி போட்டும் பாதிக்கு மேல போன் கட். பட்ஜெட் கம்மி, அவசரம். என்ன பண்ணலாம்?

செப்புக்கம்பி: நீளம்? அகலம்? வளைவு இருக்கா? பேச மட்டுமா, சென்சாரும் உண்டா?

பழைய_ரேடியோ: டன்னல்னா லீக்கி கேபிள்தான் தம்பி, வழி நெடுக சிக்னலைக் கசிய விடுற கேபிள். அடிப்படையைப் படிச்சுட்டு வந்து கேளுங்க.

ஷிப்ட்_பி: 280 மீ, அகலம் 2 மீ, ரெண்டு பக்கமும் கேபிள் ட்ரே. 120-வது மீட்டர்ல ஒரு எல் வளைவு. போன் பேசணும், தண்ணி மட்டம் பாக்க 6 சென்சார். ஏபி 60, 130, 210-ல, ட்ரே மேல.

டெசிபெல்தாசன்: லீக்கி கேபிளுக்குக் கணக்குப் போடுங்க அண்ணே. அரை இஞ்ச், 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 100 மீட்டருக்கு 12 டெசிபெல் இழப்புன்னு வைங்க. 280-க்கு 34. கப்ளிங் லாஸ் (கேபிளுக்கும் போனுக்கும் நடுவுல காத்துல போறது) 65. ஏபி 20 டிபிஎம் (சிக்னல் பலத்தோட அளவு) விட்டா கடைசியில மைனஸ் 79. போன் 15 விட்டா ஏபிக்குத் திரும்புறது மைனஸ் 84. சிக்னல் கோடு தெரியும், பேச்சு உடையும். நடுவுல சிக்னலை ரெண்டாப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் வெச்சு ரெண்டு பக்கமும் 140 ஓட்டினா 13, 14 டெசிபெல் தேறும். அதுக்கும் ரெண்டு முனையிலயும் 50 ஓம் டெர்மினேட்டர் (சிக்னல் திரும்பாம முடிக்கிற மூடி), சுவரை விட்டுத் தள்ளி கிளாம்ப். செலவு எகிறும்.

ஷிப்ட்_பி, உங்க கோளாறு வளைவுல. 130-ல இருக்கறது மூலையைத் தாண்டி நிக்குது, 60-ல இருக்கறதுக்கு அது தெரியாது. மெஷ் அங்கதான் அறுபடுது. அதை 120-க்கே கொண்டுவந்து, ரெண்டு நேர்பாதையும் தெரியற மாதிரி வெளிமூலையில கூரையோட மாட்டுங்க. ட்ரே மேல வேண்டாம். ஒத்தை ரேடியோ மெஷ்னா தாவலுக்குத் தாவல் வேகம் பாதியாகும், அதனால பிறகு ஃபைபர் இழுங்க. காப்பர் நெட்வொர்க் வயர் 100 மீட்டரோட சரி. பக்கத்துல ஹெச்டி (உயர் அழுத்த மின்சார) கேபிள் ஓடும், அதனால ஃபைபருக்கு இரும்புக் கவசம் வேண்டாம். கண்ணாடி நார்க் கவசம் எலியையும் ஓரளவு தாங்கும். சென்சாருக்கு 865–867 மெகாஹெர்ட்ஸ் லோரா (கொஞ்ச டேட்டாவைத் தூரமா அனுப்புற ரேடியோ), இந்தியாவுல லைசென்ஸ் வேண்டாம்.

பழைய_ரேடியோ: குறைஞ்ச அலைவரிசைதான் தூரம் போகும். 150 மெகாஹெர்ட்ஸ் வாக்கி குடுத்தா வேலை முடிஞ்சுது.

டெசிபெல்தாசன்: திறந்தவெளியில சரி. 2 மீட்டர் டன்னல்ல 75 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ அலை ஓடவே ஓடாது, 150-ஐ சுவரே குடிச்சிடும். இங்க வாக்கி கேட்டா, சிக்னலைச் சுமந்துட்டுப் போறது ட்ரேயில கிடக்குற கேபிள். வெறும் கான்கிரீட் டன்னல்ல போட்டுப் பாருங்க.

பழைய_ரேடியோ: எது சுமந்தா என்ன, கேக்குதுல்ல?

செப்புக்கம்பி: சண்டை அப்புறம். சாக்கடைக் குழாயும் அதே டன்னல்லயா? மீத்தேன் தேங்குற இடம்னா சாதா ஏபி கூடாது, ஃபிளேம்ப்ரூஃப் (உள்ள தீப்பொறி வந்தாலும் வெளிய பரவாத) பெட்டி வேணும்.

ஷிப்ட்_பி: மூலைக்கு மாத்தியாச்சு. கடைசி வரைக்கும் போன் நிக்குது. நன்றி.

செப்புக்கம்பி: சாக்கடைக் குழாய் இருக்கான்னு கேட்டேனே?